மதகு கன்ட்ரோலரின் கெர்னல் டிரைவரில் எரர் இன்ஜெக்‌ஷன்: எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது?

கடைமடைக்காரன் (கேள்வி)

வணக்கம். தஞ்சாவூரில் எங்களுடையது ஒரு சின்ன எம்பெடட் டீம். வாய்க்கால் மதகில் வைக்கிற கன்ட்ரோலர் செய்கிறோம். ஏஆர்எம் போர்டு, அதில் லினக்ஸ். மதகுக்கு மேற்பக்கம் ஒன்றும் கீழ்ப்பக்கம் ஒன்றுமாக இரண்டு லெவல் டிரான்ஸ்மிட்டர், இரண்டும் 4-20 மில்லியாம்பியர், போர்டில் உள்ள ஏடிசி (கரன்ட்டை எண்ணாக மாற்றும் சிப்) வழியாக ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர் லைன்) வந்து சேரும். ஷட்டரை ஏற்றி இறக்க மோட்டார், அதற்கு ரிலே, மேலேயும் கீழேயும் லிமிட் ஸ்விட்ச். ஏடிசி, ரிலே இரண்டுக்கும் டிரைவர் எங்களுடையதுதான்.

மேட்டூரை ஜனவரி 28 வாக்கில் மூடினால் ஜூன் 12 வரை இங்கே வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். 2022 மாதிரி மே 24லேயே திறந்துவிட்டால் இன்னும் கஷ்டம், வேலை பார்க்கக் கிடைக்கும் நாளும் போச்சு. தண்ணீர் வரும்போது சோதித்துப் பார்க்க யாரும் விட மாட்டார்கள், அப்போது நாற்றங்காலுக்குத் தண்ணீர் போகிறதா இல்லையா என்பதுதான் ஊருக்கே கவலை. அதனால் சென்சார் கோளாறு, பஸ் கோளாறு எல்லாவற்றையும் எரர் இன்ஜெக்‌ஷன் மூலம், அதாவது வேண்டுமென்றே, பெஞ்சிலேயே வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும்.

இப்போதைக்கு நான் யோசித்திருப்பது இதுதான். டீபக்எஃப்எஸ்ஸில் (டெவலப்பர்கள் கெர்னலோடு பேசுவதற்கான ஃபைல் சிஸ்டம்) ஒரு ஃபைல், அதில் ஒரு எண்ணை எழுதினால் அதற்கப்புறம் டிரைவர் செய்யும் ஒவ்வொரு ரீடும் அந்த எண்ணுக்குரிய எரரைத் திருப்பித் தரும், பூஜ்யம் எழுதினால் பழைய நிலைக்கு வந்துவிடும். எழுதினால் அரை நாள் வேலை. ஆனால் இது ஃபீல்டில் இருக்கும் பெட்டியில் தப்பித்தவறி ஆன் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. மேற்பக்க அளவு குறைவு என்று பொய் சொன்னால் ஷட்டர் இறங்கும், கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கீழ்ப்பக்க அளவு குறைவு என்று பொய் சொன்னால் திறந்துகொண்டே போகும், கதிர் முற்றின சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டெஸ்ட் செய்த இமேஜ் எதுவோ அதேதான் ஃபீல்டுக்குப் போக வேண்டும், தனி பில்ட் கூடாது என்று மேலே பிடிவாதமாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதை எப்படி வடிவமைப்பது? கெர்னலிலேயே இதற்கு முன்மாதிரி ஏதாவது உண்டா?

ஸ்டேக்_ட்ரேஸ்

முன்மாதிரி நிறைய உண்டு தம்பி. சர்வர் பக்கம் பாருங்கள். ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் ஓஎஸ்ஸும் பேசிக்கொள்ளும் தரம்), அதில் பிழைகளுக்கான ஏபிஇஐ பகுதியில் ஈஐஎன்ஜே என்று ஒன்று இருக்கிறது. மெமரி, பிராசஸர், பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழைகளை ஃபர்ம்வேர் மூலமாகவே உண்மையான ஹார்ட்வேரில் உண்டாக்கும் வழி அது. அதுவும் நீங்கள் சொல்கிற மாதிரி டீபக்எஃப்எஸ் ஃபைல்கள்தான். ஆனால் ஒரே ஃபைல் இல்லை. எந்த வகைப் பிழை என்பது ஒரு ஃபைல், முகவரி ஒன்று, மாஸ்க் (முகவரியின் எந்த பிட்டுகள் கணக்கில் வரும் என்பது) ஒன்று, பிழையை வைத்துவிட்டு மட்டும் நிறுத்துவதா அல்லது உடனே தூண்டியும் விடுவதா என்பதற்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுதினாலும் ஒன்றும் நடக்காது, கடைசியாக எரர் இன்ஜெக்ட் என்ற ஃபைலில் எழுதினால்தான் வெடிக்கும். தயார் செய்வது வேறு, சுடுவது வேறு. உங்கள் ஒற்றை ஃபைலில் இந்தப் பிரிவு இல்லை, எதையோ டேப் அடித்து எக்கோ செய்தாலே ஆன் ஆகிவிடும்.

அதில் இன்னொரு இடமும் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். முகவரியையும் மாஸ்க்கையும் அப்படியே ஃபர்ம்வேருக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. மாஸ்க் தளர்வாக இருந்தால் பயாஸ் தன் இஷ்டத்துக்கு எந்த முகவரியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்பதால், குறைந்தது ஒரு பக்க அளவுக்காவது குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று கெர்னல் வற்புறுத்துகிறது. அந்த முகவரி சாதாரண ரேமா, என்விடிம்மா (பவர் போனாலும் அழியாத மெமரி) என்று தன் பட்டியலில் சரிபார்க்கிறது. டிவைஸ் ரெஜிஸ்டர் இருக்கும் இடமாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடும். ரூட் (அட்மின்) சொன்னார் என்பதற்காகக் கெர்னல் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. நீங்களும் ரேஞ்சை டிரைவருக்குள் சரிபாருங்கள், டெஸ்ட் ஸ்கிரிப்டில் சரிபார்த்தோம் என்பது கணக்கில் வராது.

அதில் எனக்குப் பிடிக்காததும் ஒன்று உண்டு, எண்கள். ஹெக்ஸில் 8 என்றால் திருத்திக்கொள்ளக்கூடிய மெமரி பிழை, 10 என்றால் திருத்த முடியாதது ஆனால் ஃபேட்டல் இல்லை, 20 என்றால் ஃபேட்டல். ஒரு இலக்கம் மாறினால் மெஷின் போச்சு. நீங்கள் பெயர் வைத்துவிடுங்கள். "உறைந்த அளவு", "வயர் அறுந்தது", "பஸ் தொங்கியது" என்று முழுப் பெயரும் எழுதினால்தான் ஏற்கும், இல்லையென்றால் இன்வாலிட்.

அப்புறம் டிஃபால்ட். கெர்னலின் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் கட்டமைப்பைப் பாருங்கள், மெமரி ஒதுக்கீட்டையும் டிஸ்க் ரெக்வெஸ்ட்டையும் வேண்டுமென்றே தோற்கடிப்பது. ப்ராபபிலிட்டி (தோற்கும் வாய்ப்பு) டிஃபால்ட்டாகப் பூஜ்யம், டைம்ஸ் (எத்தனை தடவை) டிஃபால்ட்டாக 1. அதாவது சும்மா விட்டால் ஒன்றும் நடக்காது, ப்ராபபிலிட்டியை மட்டும் ஏற்றி மற்றதை மறந்துவிட்டாலும் ஒரே ஒரு தடவை தோற்றுவிட்டு நின்றுவிடும். வரம்பே வேண்டாம் என்றால் -1 என்று நீங்களாகக் கைப்பட எழுத வேண்டும். உங்கள் வடிவமைப்பு இதற்கு நேர் தலைகீழ், யாராவது பூஜ்யம் எழுதும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் நடுவில் செத்துவிட்டால் அந்தப் பூஜ்யத்தை யார் எழுதுவது?

என் யோசனை: டீபக்எஃப்எஸ் வேண்டாம், ஒரு கேரக்டர் டிவைஸ் (ஃபைல் மாதிரி திறந்து மூடுவது) வையுங்கள். அதைத் திறந்து வைத்திருக்கும் வரைதான் இன்ஜெக்‌ஷன் உயிரோடு இருக்கும், மூடினால் ரிலீஸ் ஃபங்ஷனில் எல்லாம் கலைந்துவிடும். டெஸ்ட் ப்ராசஸ் கிராஷ் ஆனாலும், யாராவது கில் செய்தாலும் கெர்னலே மூடிவிடும். அதற்கு மேல் ஒரு எண்ணிக்கை வரம்பு, ஒரு நேர வரம்பு.

வெண்ணாறு_கரை

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் எந்தக் கோளாறை இன்ஜெக்ட் செய்யப் போகிறீர்கள் என்பதை யாருமே கேட்கவில்லையே. நான் இந்தப் பக்கம் சென்சார் மாட்டும், கழற்றும் வேலை பார்க்கிறவன். டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஐஓ எரரைத்தான் இன்ஜெக்ட் செய்கிறார்கள், ஏனென்றால் அது எழுதச் சுலபம். வயர் அறுந்தால் லூப்பில் கரன்ட் பூஜ்யம், 4க்குக் கீழே வந்தாலே கோளாறு என்று தெரிந்துவிடும், 4-20 வைத்ததே அதற்குத்தானே. அதை எந்தக் கத்துக்குட்டி சாஃப்ட்வேரும் கண்டுபிடிக்கும்.

இங்கே உண்மையில் நடப்பது வேறு. ஆகாயத்தாமரை வந்து சென்சார் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும், வண்டல் உள்ளே படிந்துவிடும், வெளியே தண்ணீர் ஏறி இறங்கினாலும் குழாய்க்குள் அதே மட்டம் நிற்கும். ஐ2சி சுத்தமாக ஓகே சொல்லும், ஏடிசி ஓகே சொல்லும், அளவு 11.8 மில்லியாம்பியர், அது ரேஞ்சுக்குள்தான் இருக்கிறது, நாள் முழுக்க 11.8. இதுதான் வயலை மூழ்கடிப்பது. ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னலோடு மழை பெய்யும்போது எர்த் சரியில்லாத இடத்தில் அளவு எகிறிக் குதித்துத் திரும்பி வரும், ஒரு சாம்பிள் மட்டும். லோ வோல்டேஜில் 24 வோல்ட் சப்ளை தொய்ந்தால் 20 காட்ட வேண்டிய டிரான்ஸ்மிட்டர் 17லேயே முட்டிக்கொண்டு நிற்கும், மேலே ஏறாது. இந்த மூன்றும் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

இதற்கெல்லாம் கெர்னலில் கை வைக்கவே தேவையில்லை என்பது என் கட்சி. லூப் கேலிபரேட்டர் ஒன்று வாங்கி ஏடிசி முனையில் மாட்டுங்கள், வேண்டிய கரன்ட்டைக் கொடுங்கள். உறைந்த அளவு வேண்டுமா, நாபைத் திருகாமல் சும்மா உட்காருங்கள்.

ஸ்டேக்_ட்ரேஸ்

@வெண்ணாறு_கரை உறைந்த அளவு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் கேலிபரேட்டரால் ஐ2சி டிரான்ஸாக்‌ஷன் நடுவில் பஸ்ஸைத் தொங்கவிட முடியாதே. ஏடிசி ஏசிகே (கிடைத்தது என்ற பதில்) கொடுத்துக்கொண்டிருக்கும்போது போர்டு ரீசெட் ஆனால் ஏடிசி எஸ்டிஏ லைனை (டேட்டா வயர்) கீழே பிடித்துக்கொண்டே நிற்கும். போர்டு திரும்ப எழுந்து வந்தாலும் பஸ் செத்துக் கிடக்கும், 9 கிளாக் பல்ஸ் வரை அடித்து விடுவிக்கும் ரெக்கவரி உங்கள் அடாப்டர் டிரைவரில் வேலை செய்கிறதா என்பதைப் பெஞ்சில் பார்த்தாக வேண்டும். பவர் போய் வருகிற ஊரில் இது தினசரி நடக்கக்கூடியது.

இதற்கு மெயின்லைன் கெர்னலிலேயே ஐ2சி-ஜிபிஐஓ டிரைவருக்கு (ஜிபிஐஓ என்ற சாதாரண பின்களில் ஐ2சி ஓட்டுவது) ஃபால்ட் இன்ஜெக்டர் இருக்கிறது. எஸ்சிஎல்லையோ (கிளாக் வயர்) எஸ்டிஏவையோ கீழே இழுத்துப் பிடிக்கும், முகவரி அனுப்பி ஏசிகே வந்த இடத்தில் பாதியில் நிறுத்திவிடும், ஆர்பிட்ரேஷனை (பஸ் யாருக்கு என்ற போட்டி) தோற்கடிக்கும், டிரான்ஸ்ஃபர் நடுவில் கெர்னல் பேனிக்கே (கெர்னல் அடியோடு நின்றுபோவது) வரவழைக்கும். பெஞ்சில் அந்த பஸ்ஸை மட்டும் இரண்டு ஜிபிஐஓ பின்னுக்கு மாற்றி டிவைஸ் ட்ரீயில் (கெர்னலுக்கான ஹார்ட்வேர் பட்டியல்) எழுதினால் போதும். முக்கியமாக, இந்தப் பிழை உங்கள் டிரைவருக்குக் கீழே உண்டாகிறது. உங்கள் டிரைவரில் ஒரு வரி கூட மாறவில்லை, அதன் ரீட்ரை, டைம்அவுட், லாக் எல்லாம் நிஜமாகவே ஓடும். நீங்கள் சொன்ன மாதிரி டிரைவரின் ரீட் ஃபங்ஷன் உச்சியில் எரரைத் திருப்பிக் கொடுத்தால் சோதிக்கப்படுவது மேலே இருக்கும் ஆப் மட்டும்தான், டிரைவரின் எரர் பாதை ஒரு தடவை கூட ஓடியிருக்காது.

ரீட்_ஒன்லி

ஒரே இமேஜ் பிரச்சினைக்கு இதுவே பாதிப் பதில். இன்ஜெக்டர் டிரைவருக்குள் இருந்தால்தான் தனி பில்ட் என்ற பேச்சே வரும். கீழே பஸ்ஸில் வையுங்கள், அல்லது ஏடிசிக்குப் பதிலாக ஐ2சி ஸ்லேவாக நடிக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரைப் பெஞ்சில் மாட்டுங்கள். அளவை உறைய வைப்பது, ஒரு சாம்பிள் மட்டும் எகிற வைப்பது, 17ல் முட்ட வைப்பது எல்லாம் அந்தக் குட்டி போர்டின் வேலை. டிரைவர் மாட்யூலும் ஆப்பும் ஒரு பைட் மாறாமல் அப்படியே ஃபீல்டுக்குப் போகும்.

டிரைவருக்குள்ளேயே சில இடம் தொட்டே ஆக வேண்டும் என்றால், இன்ஜெக்டரைத் தனி மாட்யூலாகப் பிரியுங்கள், அதைப் பெஞ்சின் கீயால் மட்டும் கையெழுத்திடுங்கள். ஃபீல்டு பெட்டியின் கெர்னல் அந்தக் கீயை நம்பாது, கையெழுத்தைக் கட்டாயமாக்கி வைத்தால் கையெழுத்து சரியில்லாத மாட்யூலை ஏற்றாது. யாராவது யுஎஸ்பியில் கொண்டுவந்து ஏற்றப் பார்த்தாலும் நடக்காது. கூடவே லாக்டவுனையும் (ரூட்டே கெர்னலை மாற்ற முடியாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள், அது கெர்னல் 5.4லிருந்து மெயின்லைனில் இருக்கிறது. அதன் தளர்வான இன்டெக்ரிட்டி நிலையிலேயே, டீபக்எஃப்எஸ்ஸில் எழுதக்கூடிய ஃபைலாக இருந்தால் ரூட்டால் கூடத் திறக்க முடியாது. சிலர் டீபக்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்யாமல் விட்டால் போதும் என்பார்கள். ரூட் ஷெல் கிடைத்தவனுக்கு மவுண்ட் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷன்களை ஓவர்ரைடு செய்து எரர் திருப்பும் வசதியும் கெர்னலில் இருக்கிறது, பிபிஎஃப் (கெர்னலுக்குள் ஓடும் குட்டி ப்ரோக்ராம்) வழியாகவும் செய்யலாம். ஆனால் அது எல்லா ஃபங்ஷனிலும் நடக்காது, அலவ் எரர் இன்ஜெக்‌ஷன் என்ற மேக்ரோ போட்டவற்றில் மட்டும்தான். அந்தக் குறி போட இரண்டு நிபந்தனை உண்டு: கூப்பிட்டவர் எரரைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், முதல் எரர் ரிட்டர்னுக்கு முன்னால் அந்த ஃபங்ஷன் எந்த நிலையையும் மாற்றியிருக்கக் கூடாது. லாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டிய ஃபங்ஷனுக்கு இதைப் போட்டால், வராத லாக்கை வந்ததாக நினைத்துக்கொண்டு அடுத்தவர் விடுவிப்பார், அப்புறம் நீங்கள் துரத்துவது நீங்களே உண்டாக்கிய பக்கை. ரிலே ஃபங்ஷனில் இதைப் போடவே போடாதீர்கள்.

கடைமடைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. டிரைவருக்குள் வைக்கும் யோசனையைக் கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டேன். பஸ் பிழைக்கு ஐ2சி-ஜிபிஐஓ இன்ஜெக்டர், அளவுப் பிழைக்குப் போலி ஏடிசி என்று போகிறோம். வெண்ணாறு அண்ணே, உங்கள் மூன்றும் பட்டியலின் தலையில் இருக்கின்றன, உறைந்த அளவு எங்கள் ஆப்பில் இன்றைக்கு எந்த அலாரமும் அடிக்காது என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் டிரைவருக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. ரிலேவை ஆன் செய்தபின் அது உண்மையில் ஒட்டியதா என்று காட்டும் ஃபீட்பேக் பின் ஒன்று இருக்கிறது, ஒட்டவில்லை என்று பொய் சொல்லிப் பார்க்க வேண்டும். அதைத் தனி மாட்யூலில், ஃபைல் திறந்திருக்கும் வரை மட்டும் என்ற முறையில் செய்யப் போகிறேன். மோட்டாரும் இன்ஜெக்‌ஷனும் ஒரே நேரத்தில் ஓடாமல் இருக்க ஒரு ஃப்ளாக் வைத்தால் போதுமா?

ஸ்டேக்_ட்ரேஸ்

ஃப்ளாக் மட்டும் போதாது. இன்ஜெக்‌ஷன் ஆர்ம் (தயார்) ஆவதும் ரிலே ஆன் ஆவதும் ஒரே மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) நடக்க வேண்டும். ஃப்ளாக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் ரிலேவைத் தொட்டால் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் இன்னொரு த்ரெட் ஆர்ம் செய்துவிடும். ஆனால் ஃபீட்பேக்கைச் சோதிக்க ரிலே ஆன் ஆகித்தானே தீர வேண்டும்? அப்படியானால் போர்டில் ஒரு ஜம்பர் வையுங்கள். மோட்டார் கனெக்டர் இருக்கும் அதே இடத்தை அடைத்துக்கொள்கிற மாதிரி, அதாவது மோட்டார் கேபிள் மாட்டியிருந்தால் ஜம்பரை மாட்டவே முடியாத மாதிரி. ஜம்பர் இருக்கிறது என்று ஜிபிஐஓ சொன்னால் மட்டும் ஆர்ம் ஆகட்டும். பெஞ்சில் மோட்டாருக்குப் பதிலாக ஒரு பல்பு எரியும், அவ்வளவுதான்.

திறந்திருக்கும் வரை என்பதில் ஒரு ஓட்டை உண்டு, முன்னால் சொல்ல விட்டுப்போனது. ரிலீஸ் ஃபங்ஷன் கடைசிப் பிரதி மூடும்போதுதான் கூப்பிடப்படும். டெஸ்ட் ப்ராசஸ் ஃபோர்க் செய்தால் (தன் நகலாக இன்னொரு ப்ராசஸை உண்டாக்கினால்) பிள்ளை ப்ராசஸிடமும் ஒரு பிரதி இருக்கும், அப்பன் செத்தாலும் இன்ஜெக்‌ஷன் தொடரும். திறக்கும்போதே க்ளோஸ் ஆன் எக்ஸெக் (எக்ஸெக் செய்து வேறு ப்ரோக்ராமாக மாறும்போது தானே மூடிக்கொள்வது) போடுங்கள், ஆனால் அது எக்ஸெக் செய்யாமல் ஃபோர்க்கோடு நிற்கும் பிள்ளையைத் தடுக்காது. அதனால் நேர வரம்பை விட்டுவிடாதீர்கள், டைமர் தானாகக் கலைக்கட்டும்.

லாகையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு போலிப் பிழைக்கும் கெர்னல் லாகில் இது இன்ஜெக்ட் செய்தது என்று தனி வரி. ஆர்ம் ஆன உடனே கெர்னலை டெய்ன்ட் செய்யுங்கள் (கறை பட்டது என்ற குறி), கெர்னலுக்குள் டெஸ்ட் ஓடியது என்பதற்கே என் என்ற எழுத்தில் ஒரு டெய்ன்ட் இருக்கிறது, ரீபூட் வரை அது போகாது. எச்டபிள்யூபாய்சனில் (கெட்டுப்போன மெமரி பக்கத்தை ஒதுக்கிவைக்கும் கெர்னல் வசதி) ஒரு அழகான விதி உண்டு: சாஃப்ட்வேரால் பாய்சன் செய்த பக்கத்தை அன்பாய்சன் செய்து திரும்ப எடுக்கலாம், ஆனால் நிஜமான ஹார்ட்வேர் பிழை ஒன்று வந்துவிட்டால் அதற்கப்புறம் அன்பாய்சன் வேலை செய்யாது. நிஜமும் போலியும் கலந்துவிட்டால் எதை நம்புவது? உங்கள் டிரைவரிலும் நிஜ ரிலே கோளாறு ஒன்று பதிவானால் அந்த நொடியே இன்ஜெக்‌ஷன் கலைந்து, ரீபூட் வரை ஆர்ம் ஆகாமல் இருக்கட்டும்.

வெண்ணாறு_கரை

தம்பி, அந்தப் பேனிக் வரவழைக்கும் இன்ஜெக்டரை ரிலே ஆனில் இருக்கும்போது ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், பல்பை மாட்டிக்கொண்டு. கெர்னல் பேனிக் ஆனால் ஜிபிஐஓ பின் கடைசியாக என்ன நிலையில் இருந்ததோ அதிலேயே நிற்கும், பல்பு எரிந்துகொண்டே இருக்கும். வாட்ச்டாக் (சிஸ்டம் தொங்கினால் ரீசெட் செய்யும் டைமர்) 60 செகண்ட் என்று வைத்திருந்தால் 60 செகண்டும் ஷட்டர் ஏறிக்கொண்டே போகும். உங்கள் லிமிட் ஸ்விட்ச் எங்கே போகிறது, சாஃப்ட்வேருக்கா, கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடும் ஸ்விட்ச்) காயிலுக்கா?

கடைமடைக்காரன்

இப்போதைக்கு ஜிபிஐஓவுக்கு மட்டும்.

வெண்ணாறு_கரை

அப்போ இன்ஜெக்டர் எழுதுவது அப்புறம். முதலில் லிமிட் ஸ்விட்சைக் காயிலோடு சீரியலாக ஒயர் செய்யுங்கள், ஏறுகிற காயிலுக்கு மேல் ஸ்விட்ச், இறங்குகிற காயிலுக்குக் கீழ் ஸ்விட்ச். ஜிபிஐஓவுக்கு அதிலேயே இன்னொரு கான்டாக்ட்டில் இருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ரீட்_ஒன்லி

அதோடு பூட் லைனில் பேனிக் ஆனால் சில செகண்டில் ரீபூட் என்று போட்டுவிடுங்கள், வாட்ச்டாக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். போர்டு ரீசெட்டில் இருக்கும்போது ரிலே டிரைவ் பின் மிதக்காமல் கீழே இழுக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று ஸ்கீமேட்டிக்கில் பாருங்கள்.

பவர் போய் வரும்போது எஸ்டி கார்டில் என்ன ஆகிறது என்பதைச் சோதிக்க டிஎம்-ஃப்ளேக்கி (டிஸ்க் கோளாறை நடித்துக் காட்டும் கெர்னல் வசதி) போதும். இத்தனை செகண்ட் நல்லபடி, இத்தனை செகண்ட் எழுதியதை எல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிடு என்று சொல்லலாம். ஆனால் ரூட் பார்ட்டிஷனில் வைத்து விளையாடாதீர்கள், லாக் எழுதும் பார்ட்டிஷனில் மட்டும் வையுங்கள்.

கடைமடைக்காரன்

ரெசிஸ்டர் இருக்கிறது, பார்த்துவிட்டேன், 10 கே. ஒயரிங்கை மாற்றச் சொல்லியாச்சு. ஜம்பர் மோட்டார் கனெக்டர் இடத்தை அடைக்கிற மாதிரி வைக்க அடுத்த போர்டு ரிவிஷன் வரை ஆகும், அதுவரை மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டு அந்தக் கனெக்டரிலேயே இரண்டு உபரி பின்னை ஷார்ட் செய்யும் டம்மி பிளக் ஒன்றை மாட்டலாம் என்று நினைக்கிறோம். உபரி பின்னில் ஒன்று ஜிபிஐஓவுக்கு ஏற்கெனவே போகிறது.

ஸ்டேக்_ட்ரேஸ்

டம்மி பிளக் ஜம்பரை விட நல்ல ஐடியா. புது ரிவிஷனிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.